வௌவால் கடித்த கொய்யா

பாலசமுத்திரத்து ஜோதிமணியிடம் கொய்யா வாங்கியவர்கள் யாரும் பழம் சொத்தை என்று திரும்பி வந்ததில்லை. பழனி அடிவாரத்தில் கூடையை இறக்கினால் மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். வாய்தான் கொஞ்சம் நீளம். பேரம் பேசுகிறவர்களை, "மேல போயி முருகன்கிட்டயும் கொறச்சுக் கேளுங்க" என்று விரட்டுவாள். அணிலோ வௌவாலோ கடித்த பழம் அவள் கூடைக்குள் போகாது. அதெல்லாம் வீட்டுக்கு. கடிபட்ட பழம்தான் தேனாக இனிக்கும் என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடித்த இடத்தை அரிவாள்மனையில் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கணவர் வேலப்பனுக்குக் கொடுப்பாள். அவரும் சப்புக்கொட்டித் தின்பார்.

அந்த வேலப்பன் காய்ச்சலில் படுத்து, பிதற்றி, பெரியாஸ்பத்திரியில் கண்ணை மூடினார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். காரியம் முடிவதற்குள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வௌவாலிலிருந்து மனிதருக்குத் தொற்றும் ஆட்கொல்லிக் கிருமியாம். துக்கத்துக்கு வந்திருந்த வேலப்பனின் தங்கை தமயந்தியையும் சேர்த்து வீட்டைத் தனிமைப்படுத்தினார்கள்.

சுகாதார ஆய்வாளர் ஞானவேல் முகக்கவசத்தோடு வாசலில் நின்றார். "அக்கா, வௌவால் கடிச்ச பழம் ஏதாச்சும்..."

"யாரப் பாத்து என்ன கேக்குறீங்க? கடிபட்டத ஒருநாளும் வித்ததில்லைங்க! இப்புடி ஒரு பேச்சு வெளிய போனா எங்கூரு கொய்யாவ நாய்கூடச் சீண்டாது!"

பாவம் மனிதர், மேலே கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். அவர் என்ன செய்வார்? நோய் கேரளாவிலிருந்து வந்திருக்குமோ என்று, வேலப்பன் லோடு ஏற்றிக்கொண்டு அங்கே போய்வந்த லாரியின் பின்னால் அலையத் தொடங்கினார்.

உள்ளே தமயந்தி அண்ணனையே நினைத்துப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். "எந்திரி ஆத்தா, வயித்தக் காயப்போட்டா போனவரு வந்துருவாரா?" என்று ஜோதிமணி கெஞ்சினாள். கொல்லை மரத்தில் நன்றாகக் கனிந்ததாகப் பார்த்துப் பறித்து, சீவிவிட்டால் மிச்சம் நல்ல பழந்தானே என்று வௌவால் கடித்த பக்கத்தைச் சீவி, துண்டுபோட்டு ஊட்டினாள். "ஒங்கண்ணன் இதத்தான் கேட்டு வாங்கித் தின்பாரு." தமயந்தி அழுதுகொண்டே தின்று முடித்தாள். ஜோதிமணிக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது.

அடுத்த வாரம் தமயந்திக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிப் போனபின் ஞானவேல் மறுபடி வந்தார். லாரிக்காரர்கள் எல்லோரும் குத்துக்கல்லாக நன்றாயிருக்கிறார்கள். தமயந்தியோ அண்ணன் படுத்ததிலிருந்து அவர் பக்கமே வந்ததில்லை. பிறகு எப்படி?

"சரிக்கா, கடிபட்டத விக்கலன்னா அத என்னதான் பண்ணுவீங்க?"

"வீட்டுக்குத்தான்..." என்று ஆரம்பித்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஐயோ, இதைத்தானே அன்றைக்கும் கேட்க வந்தார்! கேட்கவிட்டாளா பாவி? கணவருக்குக் கொடுத்தது தெரியாமல் கொடுத்தது. தமயந்திக்குக் கொடுத்தது அப்படியா? வியாபாரம் கெட்டுவிடுமே என்று கேட்க வந்தவர் வாயை அடைத்தாளே, அதனால் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சாயங்காலம் தமயந்தியின் கணவன் சுப்புராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். "லாரியால வந்த நோயாம்லக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க? சாப்பிடாமக் கெடந்தவளுக்கு மதினிதான் ஊட்டிவிட்டாங்கன்னு நெனவு தப்புறதுக்கு முந்தி சொன்னா. ஒங்கள மறக்க மாட்டேன்க்கா."

ஆமாம் தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி லாரியோடு போய்விடும்.

"லாரி இல்ல தம்பி. நான் ஊட்டுன பழந்தான்."