நாற்பத்தொன்றாம் பக்கத்துக் காய்ச்சல்

என் மகளுக்குக் காது குத்தியபோது, வந்தவர்களுக்குக் கொடுத்த தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக நான் எழுதிய குறுநாவலைப் போட்டுக் கொடுத்தோம். யோசனை என் கணவருடையது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் சொந்தச் செலவில் முந்நூறு பிரதிகள் அடித்துவிட்டு, கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். “சும்மா கெடக்குறதுக்கு நாலு வீட்டுக்குத்தான் போகட்டுமே” என்றார். மண்டப வாசலில் என் பெரியம்மா பையை வெளியிலிருந்தே தடவிப் பார்த்துவிட்டு, “ஏத்தா, தேங்கா போட மறந்துட்டீகளா?” என்று கேட்டார்.

நூற்றிருபது புத்தகங்கள் அப்படிப் போயின. அதன்பிறகு விசேஷ வீடுகளில் பார்க்கும்போது “புக்கு நல்லா இருந்துச்சும்மா” என்பார்கள். எந்த இடம் நன்றாக இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வராது. பதில் தெரியாமல் அவர்கள் சங்கடப்படுவார்களே என்று நானே பேச்சை மாற்றிவிடுவேன். என்னைத் தெரியாத ஒருவர், எனக்காக நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரே ஒருவர், அதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். அந்த ஆசைதான் என்னைப் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோனது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் எல்லோரும் சேர்ந்துகொண்டிருந்த நட்புத் தளம் ஒன்று இருந்தது. அதில் தமிழ்ப் புத்தகம் படிப்பவர்களுக்கென்று குழுக்களும் இருந்தன. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில், பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, சனிக்கிழமை மூன்று மணி முதல் நான்கு மணிவரை அதில் இருப்பேன். மகளை என் மாமியார் பார்த்துக்கொள்வார். “போயிட்டு வா தாயி. நாலு மணிக்கு மேல இவ எங்கிட்ட நிக்க மாட்டா, சொல்லிப்புட்டேன்” என்பார். பஸ்ஸில் போகும்போதெல்லாம், ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு எவருக்கோ என் புத்தகத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேனே, இது சரியா என்று நினைப்பேன். இறங்கிவிடலாமா என்று தோன்றுவதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிடும்.

முதலில் குழுவில் பொதுவாக ஓர் அறிவிப்பு போட்டேன். இரண்டு வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. யோசித்தபோது தப்பு என்னுடையது என்று பட்டது. எங்கள் பக்கம் எந்த விசேஷமானாலும் வீடு வீடாகப் போய், பேர் சொல்லி, பத்திரிகையைக் கையில் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால்கூட “போன்ல அழைச்சுட்டா ஆச்சா?” என்று வராமல் இருந்துவிடுவார்கள். புத்தகத்துக்கு மட்டும் பொதுவாகச் சொன்னால் யார் வருவார்கள்?

ஆகவே குழுவில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, சேதியை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் மட்டும் அண்ணா, அக்கா, தம்பி என்று போட்டோவைப் பார்த்து மாற்றினேன். சிலர் போட்டோவுக்குப் பதில் பூவோ நடிகரோ வைத்திருந்தார்கள். அங்கேதான் தடுமாறினேன். ரோஜாப்பூ ஒன்று, “நான் அக்கா இல்ல, எனக்கு மீசையெல்லாம் இருக்கு” என்று பதில் போட்டது. இன்னொருவர், “திண்டுக்கல்லா? பிரியாணி உண்டுன்னா வாரேன்” என்று எழுதினார்.

ஐந்தாவது சனிக்கிழமை ஒரு பெண் புத்தகம் அனுப்பச் சொல்லித் தன் முகவரியைக் கொடுத்திருந்தாள். பிறந்த ஊர் வத்தலக்குண்டுப் பக்கம், கல்யாணமாகி வடக்கே ஏதோ ஊரில் இருந்தாள். குறித்துக்கொள்ளக் கைப்பையில் இருந்த ஒரே காகிதம் மகளின் தடுப்பூசி அட்டை. அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். அடுத்த ஊசிக்குப் போனபோது நர்ஸம்மா, “இதென்ன நோட்டா? அழிச்சு விடுங்க” என்று சத்தம் போட்டார். திங்கட்கிழமையே புத்தகத்தைத் தபாலில் அனுப்பியாயிற்று, அழித்துவிடலாம்தான். ஆனால் போய்ச் சேராமல் திரும்பி வந்தால் என்ன செய்வது? ரப்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன், அழிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து சேதி வந்திருந்தது.

“அக்கா, புக்கு முழுசும் படிச்சிட்டேன். ஒண்ணு கேக்கணும். நாப்பத்தொண்ணாம் பக்கத்துல பாப்பாவுக்குக் காய்ச்சல்னு தோள்ல போட்டுக்கிட்டு ஓடுறா. அடுத்த பக்கத்துல குடத்த வச்சுக்கிட்டு தண்ணி லாரிக்கு நிக்கிறா. பாப்பாவ யாருகிட்ட விட்டா? காய்ச்சல் விட்டுச்சா இல்லையா? கடைசி வரைக்கும் தேடிக்கிட்டே இருந்தேன்.”

நான் ஒரு எழுத்துக்கூட அடிக்கவில்லை, கரண்டு போய்விட்டது. அந்த வருஷம் அப்படித்தான், சொல்லாமல் போகும்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். அவள் சொன்னது உண்மை. நாற்பத்தொன்றில் குழந்தையின் உடம்பு கொதிக்கிறது. அதன்பிறகு அறுபது பக்கங்களில் அந்தக் காய்ச்சலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு தாயாக இருந்துகொண்டு, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை அப்படியே விட்டுவிட்டுக் கதை எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். தேடித் தேடி நான் கண்ட ஒரே வாசகி அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை என் கணக்கைத் திறக்க முடியவில்லை. சென்டர் வைத்திருந்த அண்ணன் வந்து திரையைப் படித்தார்.

“ஒரே சேதிய எம்புட்டுப் பேருக்கும்மா அனுப்புனீக?”

“ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தான் அனுப்புனேன் அண்ணே.”

“அதத்தான் சொல்றேன். மனுசி அனுப்பலை, மெசினு அனுப்புதுன்னு பூட்டிட்டான்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “திண்டுக்கல்காரிக்கே பூட்டுப் போட்டிருக்கான் பாருங்க” என்று சிரித்தார். என் கணவர் பூட்டுக்கடை வைத்திருப்பது அவருக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறை சொன்னதால் கோபித்துக்கொண்டு பதில் போடவில்லை என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாளே என்பதுதான் உறுத்தியது.

வீட்டில் மாமியார் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் காம்புகளைப் பொறுக்கித் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவ கேட்டதுல என்ன தப்பு? புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிப்புட்டு நீபாட்டுக்குத் தண்ணிக்குப் போயிட்டா, படிக்கிறவளுக்குப் பதறாதா?”

“அந்தப் பக்கம் எழுதுறப்பத்தான் அத்தை இவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, அஞ்சாம் மாசத்துல. நோட்ட மூடி வச்சவதான், பத்து நாள் தொடவே இல்ல. திரும்ப எடுக்குறப்ப இவளுக்குச் சரியாப் போயிருச்சு. கதையிலயும் சரியாப் போயிருச்சுன்னு நெனச்சுட்டேன் போல.”

“எப்பச் சரியாப் போச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?”

விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தேன்.

“மூணாம் நாள் மத்தியானம். நீ தொட்டிலப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தமேனிக்குத் தூங்கிட்ட. நான் செத்த நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். புள்ள நெத்தியத் தொட்டா, வேர்த்துக் குளுந்து கெடக்கு. ஒன்ன எழுப்பலாம்னு நெனச்சேன், அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன். ரெண்டு பேரும் தூங்குனீக.”

அவர் மறுபடி அவரைக்காயை எடுத்தார். இதை அவர் அதற்கு முன் என்னிடம் சொன்னதே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் விட்டபோது நான் விழித்திருக்கவில்லை என்று தெரிந்திருந்தால் நான் எத்தனை நாள் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. இன்லண்ட் லெட்டரில் எழுதினேன்: ‘காய்ச்சல் விட்டுவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம். அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாதான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் லாரி வந்தபோது குழந்தை அவரிடம்தான் இருந்தது. எழுதாமல் விட்டது என் தவறு.’

கட்டிலுக்கு அடியில் மிச்சமிருந்த பிரதிகளை இழுத்துப்போட்டு, நாற்பத்தொன்றாம் பக்கத்தின் கீழே இருந்த வெற்றிடத்தில் இவ்வளவையும் சுருக்கிப் பேனாவால் எழுதினேன். மகள் தூங்கும் மத்தியானங்களில் பத்துப் பத்தாக எழுதினேன். தாம்பூலப் பையில் போனவற்றை ஒன்றும் செய்ய முடியாது. அந்த நூற்றிருபது வீடுகளில் அந்தக் குழந்தைக்கு இன்னும் காய்ச்சல்தான். யாராவது பிரித்துப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று, அதுவரை நான் பயப்படாத ஒன்றுக்கு இப்போது பயந்தேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நிம்மதி என்று ஒரு வரி. அடுத்த வரியில் இன்னொரு கேள்வி. அந்தப் பக்கத்து வீட்டு அம்மா கதையில் வேறெங்கும் வரவில்லையே, அவர் யார், பெயர் என்ன?

மாமியாரிடம் படித்துக் காட்டினேன்.

“எம் பேர அதுல போட்டுறாத தாயி, ஊரு சிரிக்கும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். செத்த நேரத்தில் கரண்டியோடு நிலைப்படிக்கு வந்து நின்றார்.

“வேற பேரா இருந்தாலும் நல்ல பேரா வையி.”