மாப்பிள்ளை வீட்டில் பூத்த என் பவளம்

இன்றைக்குக் கூடலூரில் தங்கை வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

ஓடைப்பட்டியில் என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பூ மாதிரி இதழ் விரிக்கும் உயிருள்ள பூப்பவளம் ஒன்றை வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு துண்டை வெட்டி, போன வருடம் தங்கை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் பெருமைக்குக் கொடுத்தேன்.

அந்தத் துண்டு இப்போது கை அகலத்துக்கு விரிந்து, இதழ் இதழாக ஆடிக்கொண்டிருக்கிறது. தாய்ப் பவளமோ என் வீட்டில் மூடிக்கொண்டு கல்லாகக் கிடக்கிறது. வயிறு எரிந்துவிட்டது.

"திராட்சையில கவாத்து பண்ணுனா கொடிதான மச்சான் தழையும்? இங்கன வெட்டிப் போட்ட குச்சியில்ல தழைச்சிருக்கு!" என்று சிரித்தார் மாப்பிள்ளை.

"அப்படி என்னதான் மாப்ள செய்றீக?" என்றேன், நானும் சிரிப்பதுபோல.

தங்கை முந்திக்கொண்டாள். "இவுக என்னத்தச் செஞ்சாக? தண்ணி மாத்தவே மறந்துருவாக. கண்ணாடியில பாசியப் பாருண்ணே!"

நானோ வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றி, தொட்டியைப் பளிங்காக வைத்திருக்கிறேன். பூப்பவளத்துக்குக் கொஞ்சம் அழுக்குத் தண்ணீர்தான் பிடிக்குமாம். அதில்தான் அதற்குச் சாப்பாடே இருக்கிறதாம். எனக்கே பாடம் எடுக்கிறார் மாப்பிள்ளை!

"ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லி, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

கூடலூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது, என் பெயரைச் சொல்லாமல், அந்தத் தொட்டியை நன்றாகக் கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்களேன்.