எந்தப் பெரியகுளம்

எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு பெரியகுளம் உண்டு. அடுத்த ஊரிலும் ஒரு பெரியகுளம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பெரியகுளம் என்று சொன்ன மாத்திரத்தில் அவரவர் ஊர்க் குளம்தான் அவரவர் கண்ணுக்குள் வரும். வெளியூர்க்காரர்கள் "எந்தப் பெரியகுளம்?" என்று கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும். அந்தக் கேள்வியை நாங்கள் ஒருமுறை கேட்காமல் விட்டதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அம்பைக்காரி, காயல்காரி, பத்தமடைக்காரி, பேட்டைக்காரி. பேட்டைக்காரி நான். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு விடுதி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் பதினொரு பேர், புத்தகத்தை விரிக்க ஒரு மூலை கிடையாது, அதுதான். விடுதியில் மட்டும் படித்துக் கிழித்தேனா என்றால் அதுவும் இல்லை. பத்தமடைக்காரி ஊரிலிருந்து கொண்டுவந்த பாயில் நாங்கள் நான்கு பேரும் குறுக்குமறுக்காகப் படுத்துக் கதை பேசியே மூன்று வருடமும் ஓடிவிட்டது.

நால்வரில் எனக்கு ஒட்டு அதிகம் பத்தமடைக்காரியிடம்தான். கல்யாணத்துக்குப் பிறகும் மாதம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். திரும்பும்போது அவள் வீட்டுக்காரர் என்னைப் பஸ் ஏற்றிவிட வருவார். ஏற்றிவிட்டோம், வேலை முடிந்தது என்று போகிற மனிதர் இல்லை. பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நான் கையை விட்டா பஸ் கிளம்பிரும் பாத்துக்கிடுங்க" என்பார். நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன்.

அந்த மனிதர் இறந்தபோது நான் போகவில்லை.

என் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த வாரம் அது. வாசலில் பந்தக்கால் நாட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. கால் நாட்டின வீட்டுக்காரர்கள் சாவு நடந்த துஷ்டி வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்றார்கள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிற எனக்கு அன்றைக்குப் பார்த்து வாய் அடைத்துப்போனது. கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன். முடிந்தது. மறுவீடு முடியட்டும் என்றிருந்தேன். அப்புறம் தலை ஆடி. அதற்குப் பிறகு, இத்தனை நாள் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்ற கூச்சம் வந்துவிட்டது. இப்படியே நான்கு வருடம். போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, இப்போது எழுதும்போதும்.

அம்பைக்காரி இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் அந்தத் திட்டத்தைப் போட்டாள் என்று நினைக்கிறேன். தை மாதம், குளமெல்லாம் நிரம்பிக் கிடக்கும், மூன்று நாள் அவள் வீட்டில் தங்கி நடந்தே சுற்றிப் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தாள். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில் இது தேவையா என்று என் வீட்டில் கேட்டார்கள். நான் அதற்கு முன்பே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கிவிட்டிருந்தேன்.

போய் இறங்கியதும் வாசலில் பத்தமடைக்காரி நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "வாங்க. நல்லா இருக்கியளா?" என்றாள்.

மூன்று வருடம் ஒரே பாயில் கிடந்தவள், முப்பத்தைந்து வருடம் "ஏட்டி", "வாட்டி" என்றே பேசியவள், வாங்க என்கிறாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பேன். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று நாளில் அவள் வாயிலிருந்து ஒரு "ட்டி" வந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. மலையும் அணையும் குளமும் எனக்கு அப்புறம்தான்.

முதல் நாள் மணிமுத்தாறு. அணையின் மேல் சாலை நீண்டு கிடந்தது. ஒருபுறம் கடல் போலத் தண்ணீர், அதற்குப் பின்னால் மேகம் இறங்கிய மலை. காயல்காரி பத்தடிக்கு ஒருமுறை நின்று போட்டோ எடுத்தாள். நடக்கிறோம் என்று வந்தோமே தவிர, நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். நான் பத்தமடைக்காரியின் பக்கத்தில் போய் நடந்தால், "நீங்க முன்னால போங்க, எனக்கு முட்டு வலி, பையத்தான் வருவேன்" என்பாள். நான் பைய நடந்தால் அவள் வேகமாக நடந்து காயல்காரியைப் பிடித்துக்கொள்வாள். முட்டு வலி எங்கே போனதென்று தெரியாது.

இரண்டாம் நாள்தான் அந்தக் கூத்து. காலை ஏழு மணிக்குப் பெரியகுளம், மடைக்கிட்ட எல்லோரும் கூடுவது என்று முந்தைய நாளே அம்பைக்காரி சொல்லியிருந்தாள். அவளும் காயல்காரியும் காலைச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வேனில் வருவார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் முன்னால் போக வேண்டும். இதையும் வேண்டுமென்றேதான் செய்தாள். நான் ஆட்டோக்காரரிடம், "அண்ணாச்சி, பெரியகுளம் போணும்" என்றேன். "ஏறுங்க" என்றார். எந்தப் பெரியகுளம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாதி வழியில் எனக்குச் சந்தேகம் வந்தது. முந்தைய நாள் அம்பைக்காரி கையைக் காட்டிய திசை வேறு. ஆனால் பத்தமடைக்காரி பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இந்தப் பக்கமெல்லாம் அத்துபடி, தப்பாக இருந்தால் சொல்ல மாட்டாளா என்று நானும் சும்மா இருந்தேன். அவளுக்கும் அதே இடத்தில் அதே சந்தேகம் வந்ததாம். நான்தானே வழி சொன்னேன், எனக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவளும் சும்மா இருந்தாளாம். ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். பேசத்தானே மாட்டோம். ஆட்டோக்காரர் எங்களைத் தன் ஊர்ப் பெரியகுளத்தில் இறக்கிவிட்டு, "நல்லா பாருங்க, இந்த வருசம் நெறஞ்ச பெருக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அரை மணி நேரம் மடைக்கிட்ட நின்றோம். அப்புறம் அம்பைக்காரி போன் செய்தாள்.

"எங்கட்டி நிக்கிய?"

"மடைக்கிட்டதான் நிக்கோம்."

"நாங்களும் மடைக்கிட்டதான் நிக்கோம்."

"அப்போ நாங்க ஆவியாட்டி?" என்றேன். என் பின்னால் பத்தமடைக்காரிக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். அதையும் நான் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் நிற்பது அடுத்த ஊர்ப் பெரியகுளம் என்று அப்புறம்தான் புரிந்தது. வேன் சுற்றி வர வேண்டுமென்றால் நேரமாகும், கரை வழியாக நடந்து வாய்க்காலைப் பிடித்தால் இந்தக் குளத்திலிருந்து அந்தக் குளத்துக்கு வந்துவிடலாம் என்று அம்பைக்காரி சொன்னாள். வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தூரம் கேட்டோம். "இந்தா, அங்கனதான். பைய நடந்தா பத்து நிமிசம்" என்றார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஆனால் என்ன நடை அது. இடதுபக்கம் கரையைத் தொட்டுத் தண்ணீர், வலதுபக்கம் பள்ளத்தில் பிசான நெற்பயிர் கதிர் வாங்கி நின்றது. தண்ணீருக்குள் பாதி முங்கிய உடைமரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. எதிரே பொதிகை, மேகமே இல்லாமல். இப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கரை நினைவுக்கு வந்தால் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் அப்பின களிமண் வாசம்கூட வருகிறது. அவள் முன்னால் போனாள். பத்தடி பின்னால் நான்.

குளம் முடிகிற இடத்தில் மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. நிறைந்து மிஞ்சின தண்ணீர் கல் தளத்தின் மேல் வழிந்து போகும் இடம். அவள் உண்மையிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். துஷ்டி வீட்டில் போய் உட்கார்ந்தவுடன் யாரும் பேச மாட்டார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்கள், அதுதான் துஷ்டி கேட்பது. நான்கு வருடமாக என் தொண்டையில் கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

"என்ன செஞ்சுது அவருக்கு?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேற்று நடந்ததைப் போலச் சொன்னாள்.

"சாயந்தரம் செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தாரு. பைப்ப மூடுன்னாரு. மூடிட்டுத் திரும்புதேன், தரையில உக்காந்திருக்காரு. வெளாட்டுக்கு உக்காந்திருக்காருன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. பைப்ப மூடு, அதான் கடைசி."

நான் அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஊரே வந்துச்சு" என்றாள். "பஸ் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசலப் பாத்தேன். நீங்கதான்னு நெனச்சேன்."

"நான் வந்திருக்கணும்" என்றேன். எனக்கு அழுகை வந்தது.

"ஆமா, வந்திருக்கணும்" என்றாள். அவள் தன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, போவோம். பாவம், அவ ரெண்டு பேரும் பசியில கெடப்பாளுவ."

அப்போதும் வாங்கதான். வாய்க்காலைத் தாண்டி அடுத்த குளத்தின் மடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, காயல்காரி எங்கள் இரண்டு பேரின் கண்ணையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் இடியாப்பத்தை எடுத்து வைத்தாள். அன்று மாலை வரைக்கும், மறுநாள் ஆற்றங்கரையில் நடந்தபோதும், பத்தமடைக்காரி என்னோடு நன்றாகவே பேசினாள். பேச்செல்லாம் நீங்க, வாங்க, போங்க. என் பிழைக்கு இந்த அளவே அதிகம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

மூன்றாம் நாள் மாலை அம்பை பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று பேரும் என்னை வழியனுப்ப வந்தார்கள். காயல்காரியும் பத்தமடைக்காரியும் மறுநாள்தான் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தார்கள். நெல்லை பஸ் நின்றுகொண்டிருந்தது. அம்பைக்காரியிடமும் காயல்காரியிடமும் போயிட்டு வாரேன் என்றேன். பத்தமடைக்காரியிடம் சொல்லவில்லை. துஷ்டி கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் வாரேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். நான்கு வருடம் கழித்துக் குளக்கரையில் கேட்டாலும் துஷ்டி துஷ்டிதானே. கேட்டதுதான் காலம் தப்பிப் போயிற்று, கிளம்புவதையாவது முறையாகச் செய்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

டிரைவர் ஏறியாயிற்று. ஜன்னல் கம்பியில் ஒரு கை வந்து பிடித்தது. பத்தமடைக்காரி நின்றுகொண்டிருந்தாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"ஏட்டி, நீ பாட்டுக்குச் சொல்லாமப் போற?" என்றாள். "துட்டி கேட்டு முடிஞ்சுட்டுல்லா. வாரேன்னு சொல்லுட்டி."

பஸ் உறுமியது. அவள் கையை எடுக்கவில்லை.

"போயிட்டு வாரேன்ட்டி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கையை விட்டாள். பஸ் கிளம்பியது.