சுத்தம் செய்த சங்கரா

அந்தமானில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் டிசம்பர் பிறந்ததும் அப்பா குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொள்வார். அங்கே ஹட் பே என்ற ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வடகிழக்கிலிருந்து கொஞ்சம் காற்று வீசினால் போதும், "சர்தி ஆ கயா", குளிர் வந்துவிட்டது என்று தெருவுக்கே அறிவித்துவிட்டு பவர் ஹவுஸில் ஜெனரேட்டர் டியூட்டிக்குக் கிளம்புவார். சிவகங்கைப் பக்கத்துச் செம்மண்ணிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா, அந்தக் குல்லாயைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். எனக்கு ஒன்பது வயதான அந்த டிசம்பரில் மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் ஒரு மீன் குழம்பு. அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். மீன் ஐஸில் ரொம்ப நாள் கிடந்தது போலிருக்கிறது என்று அம்மா பரிமாறிக்கொண்டே சொன்னாள். அப்பா உரக்கச் சிரித்து, "பொட்டக்காட்டுல பொறந்தவ மீனுக்கு வாசம் பாக்குறா, தேக்கோ, பாருங்க!" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

அம்மாவுக்கு மீன் தெரியாது என்பது அநியாயம். கண்மாய் வற்றும்போது அவள் ஊரே மீன் பிடிக்கிற ஊத்தாக் கூடையோடு சேற்றில் இறங்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் இறங்கி, இடுப்பளவுச் சேற்றில் விரால் அமுக்கியவள்தான். ஆனால் தீவில் அதை யார் கேட்டார்கள்? பத்து வருஷமாக அவள் பேச்சுக்குக் கடைத்தெருவில் காது கிடையாது, அவள் இந்திக்கு வீட்டில் மரியாதை கிடையாது. இதெல்லாம் சேர்ந்து அன்றைக்குக் குழம்புச் சட்டியில் வந்து விழுந்தது.

விருந்தாளிகள் போனதும் அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த தூண்டிலைக் கழற்றினாள். அது ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனது. அவர் தங்கியிருந்த குடிசைக்கு அப்பா கரண்ட் சரிசெய்து கொடுத்ததற்கு நன்றியாகக் கொடுத்தார். மெல்லிய நீளக் கம்பு, மஞ்சள் நிறத்தில் தடிமனான நூல், அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நூல். கூடவே ஒரு தகர டப்பாவில் கோழியிறகைக் கட்டிச் செய்த குட்டிக் குட்டி முட்கள். மண்புழு, இறால் எதுவும் வேண்டாம். இறகைப் பூச்சி என்று நினைத்து மீன் ஏமாற வேண்டும், அவ்வளவுதான். அப்பா அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவாரே தவிர ஒரு நாளும் தண்ணீரில் போட்டதில்லை.

"பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்ல," என்றாள் அம்மா. "கப்பலேறுறதுக்குள்ள இதுல ஒரே ஒரு மீன் புடிச்சிட்டேன்னா திரும்பி வருவேன். இல்லேன்னா வரமாட்டேன். புள்ளையும் எங்கூடத்தான்."

அப்பா குல்லாயைச் சரிசெய்துகொண்டு, "டீக் ஹை, சரி, பாக்கலாம்," என்றார். விளையாட்டு என்று நினைத்தாரோ என்னவோ. என் பள்ளிக்கூடம், என் சைக்கிள், என் அப்பா எல்லாம் அந்த டப்பாவில் இருந்த கோழியிறகில் தொங்குவதாக எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், கைவிடப்பட்ட எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு நாலா ஓடுகிறது. மலைக்காட்டிலிருந்து இறங்கி வரும் சின்ன ஆற்றைத்தான் நாங்கள் நாலா என்போம். கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை உண்டு, அதனால் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ளும் அந்த மாதங்களில்தான் முதலை வெயில் காயக் கரையேறும். அம்மா தனக்கு இடமாகத் தேர்ந்தெடுத்தது நாலாவின் குறுக்கே கிடந்த பழைய கான்கிரீட் பாலத்தை. கடல் ஏற்றத்தில் தண்ணீருக்கும் பாலத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி இருக்கும்.

முதல் வாரம் அவள் பிடித்ததெல்லாம் தன் சேலையை. பிறகு பனை ஓலையை. ஒரு முறை அந்த வழியாக வந்த பெங்காலிக்காரர் ஒருவரின் தொப்பியை. அவர் தொப்பியை முள்ளிலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டு, "தீதி, மச்சி உதர் ஹை," மீன் அங்கே இருக்கிறது அக்கா என்று பணிவாகத் தண்ணீரைக் காட்டிவிட்டுப் போனார். ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பவர் ஹவுஸ்காரர் பெண்சாதிக்கு என்னவோ ஆகிவிட்டது என்றார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் 'மச்சிவாலி', மீன்காரி என்று பெயர் வந்தது. அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம், மாலையில் விளக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம். கல்லில் துணி துவைக்கிற வீச்சுதான் இதற்கும் வேண்டும், பின்னால் போன கை ஒரு நொடி நின்று முன்னால் வர வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். அதன் பிறகு மஞ்சள் நூல் காற்றில் நீளமாக விரிந்து, இறகு சத்தமில்லாமல் தண்ணீரில் போய் உட்கார்ந்தது. அதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. மீனுக்குத்தான் அந்தப் பெருமை புரியவில்லை.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அம்மா நிலவரம் எழுத ஆரம்பித்தாள். 'மலையில் மழை. தண்ணீர் டீ கலர். மீனுக்குக் கண் தெரியாது.' 'வாடைக் காற்று பலம். நூல் புதரில்.' 'தண்ணீர் கண்ணாடி. என் நிழலைப் பார்த்து ஓடிவிட்டது.' மழை நின்று நாலா தெளியத் தெளிய மீன் கண்ணுக்குத் தெரியும், ஆனால் மீனுக்கும் நாம் தெரிவோம். கலங்கினாலும் கிடைக்காது, தெளிந்தாலும் கிடைக்காது என்றால் எப்போதுதான் கிடைக்கும் என்று கேட்டேன். "காத்து விழணும், தண்ணி தெளிஞ்சிருக்கணும், உப்புத் தண்ணி ஏறணும். மூணும் ஒரே நேரத்துல சேரணும்த்தா. சேரும்," என்றாள். அப்படி மூன்றும் சேர்ந்த ஒரு தாள்கூட அவள் எழுதியவற்றில் இல்லை.

அப்பா சாப்பிடும்போது, "மிலா க்யா, கெடச்சுதா?" என்று மட்டும் கேட்பார். அம்மா இல்லையென்று தலையாட்டுவாள். அதற்குமேல் இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தது. என் எல்லாச் சட்டைகளையும் அதில் மடித்து வைத்ததைப் பார்த்தபோது, இனிமேல் மீனை நம்பிப் பயனில்லை என்று முடிவுகட்டினேன்.

கப்பலுக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த ரூபாயை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன். மீன்கார தாதா எங்கள் வீட்டுக்குப் பழக்கம். ஒரு சங்கராவைக் காட்டி, இது வேண்டும் என்றேன். "பஸ் ஏக், பேட்டி?" ஒன்றே ஒன்றுதானா மகளே என்று சிரித்துக்கொண்டே எடுத்தார். அம்மா பாலத்துக்குக் கிளம்பிவிட்டாளா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாதா பொட்டலத்தைக் கையில் வைத்ததும் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன்.

அம்மா ஃபிளாஸ்க்கில் டீ கொண்டு வந்திருந்தாள். தூண்டிலைப் பாலத்தின் கைப்பிடியில் சாய்த்து, நூலைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அந்தக் கோடியில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தாள். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். பிரித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தாதா எங்கள் வீட்டுக்கு எப்போதும் செய்கிறபடியே செய்திருந்தார். செதில் சீவி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்து, பொரிப்பதற்கு மசாலா இறங்கட்டும் என்று இரண்டு பக்கமும் மூன்று மூன்று கீறல் போட்டிருந்தார். கழுவியும் இருந்தார்.

வேறு மீன் வாங்க நேரமில்லை, கையில் காசும் இல்லை. தண்ணீரிலிருந்து வந்தால் அது மீன்தானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நூலை இழுத்து, அதன் வாயில் இறகு முள்ளைக் குத்தி, மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் கத்தினேன். "அம்மா! இழுக்குதும்மா, இழுக்குது!"

டீ டம்ளர் உருண்டது. அம்மா ஓடிவந்து கம்பைத் தூக்கினாள். சங்கரா மேலே வந்தது. திமிறவில்லை, துடிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வருகிற ஆள்போல அமைதியாக வந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். இந்தப் பக்கம் மூன்று கீறல். அந்தப் பக்கம் மூன்று கீறல். வயிற்றைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஏத்தா," என்றாள். "இந்த நாலாவுல மீனு சுத்தம் பண்ணிக்கிட்டுத்தான் வருமா?"

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு மாதத்துக்கு மேலாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. கான்கிரீட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். நானும் பயம் விட்டுச் சிரித்தேன். சட்டென்று நிறுத்தி, என் இரண்டு தோளையும் பிடித்தாள். அவள் முகம் அப்படிப் பளிச்சென்று இருந்து நான் பார்த்ததேயில்லை.

"அப்பாவா வாங்கிக் குடுத்தாரு? அப்பாதான உன்கிட்டக் குடுத்து விட்டாரு?"

"இல்லம்மா. நானேதான். அப்பாவுக்குத் தெரியாது," என்றேன்.

அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். டம்ளரைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து ஃபிளாஸ்க்கின்மேல் கவிழ்த்தாள். அன்று இரவு சங்கராவைப் பொரித்து எனக்கு மட்டும் வைத்தாள்.

மறுநாள் மதியம் கப்பல். விடியும்போதே அம்மா தூண்டிலோடு கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். ஒரு இலை அசையவில்லை. நாலாவின் அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம்போலத் தண்ணீர் தெளிந்திருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றும் சேர்ந்துவிட்டன என்று நான் சொல்ல வாயெடுத்தபோது அம்மா உதட்டில் விரலை வைத்தாள். நிழல் விழாதபடி பாலத்தில் முழங்காலிட்டாள். நூல் பின்னால் போனது, ஒரு நொடி நின்றது, முன்னால் விரிந்தது. இறகு போய் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது.

கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. மீன் கடலைப் பார்த்து ஓடியது, திரும்பிப் பாலத்துக்கடியில் புகப் பார்த்தது. அம்மா விட்டுக் கொடுத்தாள், இழுத்தாள், மறுபடி விட்டுக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "வா, வா, வாடி என் ராசாத்தி," என்றாள். கடைசியில் பாலத்திலிருந்து குனிந்து, விரால் அமுக்கிய அதே கையால் அதை அள்ளினாள். பாறை மீன். வெள்ளியாக மின்னியது. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் இருந்தது. எனக்கு ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முள்ளைப் பதமாகக் கழற்றினாள். குனிந்து தண்ணீரில் பிடித்தாள். கையைத் திறந்தாள். மீன் போய்விட்டது.

"அம்மா!" என்று அலறினேன்.

"நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அது போதும். அப்பா கேட்டா இல்லேன்னு சொல்லு. எனக்குச் சத்தியம் பண்ணு."

இதென்ன கிறுக்குத்தனம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கையிலடித்துச் சத்தியம் செய்தேன்.

கப்பல்துறை ஜெட்டியில் அப்பா டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தார். அம்மா டிக்கெட்டைக் காட்ட வரிசையில் நின்றபோது அவர் குனிந்து, காதோடு காதாகக் கேட்டார். "பாப்பா, சச் போல், நெசத்தச் சொல்லு. இன்னிக்குக் காலைலயாவது மாட்டுச்சா?"

"இல்லப்பா," என்றேன்.

அப்பா குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கப்பல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "போனதும் போன் பண்ணு," என்றார். அம்மா, "ம்," என்றாள். நான் மேல்தளத்தில் நின்று கை அசைத்தேன். அம்மா கேட்டதற்குப் பொய் சொல்லவில்லை, சத்தியத்தையும் மீறவில்லை என்று எனக்குள் ஒரே திருப்தி.

நாங்கள் திரும்பிப் போகவில்லை. சண்டை, பஞ்சாயத்து எதுவும் கிடையாது. அம்மா ஊரில் சத்துணவு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா வருஷத்துக்கு ஒரு முறை லீவில், கப்பலில் வந்து போகிற விருந்தாளி ஆனார். சென்ற வருஷம் ஒரு நாள் போனில் பேசும்போது, மனசு கேட்காமல், அந்தப் பாறை மீனைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். "எவ்வளவு பெருசு?" என்று கேட்டார். சொன்னேன். "அச்சா மச்சி, நல்ல மீன்," என்றார். குரல் சரியாக இல்லை.

ஒரு மீன் மாட்டிவிட்டால் போதும், 'இருந்துவிடு' என்று தன் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று அவர் அந்த டிசம்பர் முழுவதும் காத்திருந்திருக்கிறார். மீனுக்காகத் திரும்பி வர அம்மாவுக்கு மனமில்லை. யாராவது போகாதே என்று சொல்ல வேண்டும், அதுவும் அவர் சொல்ல வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் போகிறது, மார்க்கெட்டில் ஒரு மீன் வாங்கி மகளிடம் கொடுத்தனுப்பி ஏமாற்றியிருந்தால்கூட அவளுக்குப் போதும். பாலத்தில் என் தோளைப் பிடித்து அவள் அப்படிக் கேட்டபோது, திட்டுவதற்கு ஆள் தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அதனால் அவள் முகம் மாறிய பிறகும் விடாமல், அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, சாமி சத்தியமாக அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.