ஆரத்தி எடுக்காம வந்தவ

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆபீஸ்லயும் சரி, பெங்களூரு தொம்மலூர்ல நாங்க இருக்கிற சந்துலயும் சரி, எல்லாருக்கும் அது தெரியும். அதுக்காக நான் வெட்கப்பட்டது கிடையாது. ஒரே ஒரு பேச்சை நினைச்சா மட்டும் இன்னைக்கும் உடம்பு கூசுது.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் குழந்தை இல்ல. ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து ஓய்ஞ்சுபோய், தத்தெடுக்கலாம்னு முடிவு பண்ணோம். விசாரிச்சா மூணு வழி இருந்துச்சு. இங்கயே பேரைப் பதிஞ்சு வெச்சுட்டு கைக்குழந்தைக்குக் காத்திருக்கலாம், ஆனா வருஷக்கணக்கா ஆகும். வெளிநாட்டுல இருக்கிற என் நாத்தனார், "இங்க வந்து செட்டில் ஆயிடுங்க அண்ணி, இந்த ஊர்க் குழந்தையையே எடுத்துக்கலாம்"னா. மூணாவது, குழந்தைகள் ஹோம்ல இருக்கிற பெரிய பிள்ளை ஒண்ணைக் கூட்டிட்டு வந்து வளர்க்கிறது. சில வருஷம் ஒத்துப்போயிட்டா சட்டப்படி நம்ம பிள்ளையாவே ஆக்கிக்கலாமாம். அதுக்குள்ள பிள்ளையோட சொந்தக்காரங்க யாராச்சும் வந்து கேட்டா அனுப்பிடணும்.

வெளிநாட்டுப் பேச்சை நான் சிரிச்சே தட்டிக் கழிச்சேன். "வெள்ளைக்காரக் குழந்தையை இடுப்புல வெச்சுட்டு ஆடி மாசம் கூழ் ஊத்தப் போனா, சனமெல்லாம் அம்மனை விட்டுட்டு என்னைத்தான் பார்க்கும்"னேன். எனக்கு வேண்டியது கைக்குழந்தை. எங்க நிறத்துல, எங்க சாடையில, பார்க்கிறவங்க ஒரு கேள்வி கேட்காத மாதிரி ஒண்ணு. வீட்டுக்காரர் மூணாவது வழியையே சுத்திச் சுத்தி வந்தார். கைக்குழந்தைக்குப் பேரைப் பதிஞ்சுட்டு, கடைசியில அதுக்கும் சரின்னேன். ஏன் சரின்னேன்னு அவர்கிட்ட சொல்லல. நம்ம முறை வர்ற வரைக்கும் வீட்டுல ஒரு பிள்ளைச் சத்தம் கேட்கட்டுமேன்னுதான். எழுதும்போதே அசிங்கமா இருக்கு.

ஹோம்லேருந்து வந்தவளுக்கு எட்டு வயசு. ஸ்கூல் பை ஒண்ணு, துணிப்பை ஒண்ணு. செருப்பைக் கழட்டி ஜோடியா ஓரமா வெச்சுட்டு, நிலைப்படிக்கு வெளியவே நின்னா. உள்ள வான்னு கூப்பிட்டும் வரல, என் கையையே பார்த்துட்டு இருந்தா. எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, ஆரத்தி கரைக்கலயா?"ன்னு கேட்டாங்க. புதுசா வர்ற மருமகளுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற குழந்தைக்கு, இப்படி வீட்டோட இருக்கப்போறவங்களுக்குத்தான் நாங்க ஆரத்தி எடுக்கிறது. என் வாய் சும்மா இருக்குமா? "வந்து போற பிள்ளைக்கு எதுக்குக்கா ஆரத்தி?"ன்னேன்.

அவ காதுல விழுந்துச்சு. யாரும் சொல்லித் தராமலே, வலது காலை எடுத்து வெச்சு உள்ள வந்தா.

ஒரு தொந்தரவு கிடையாது. தமிழும் கன்னடமும் கலந்து பேசுவா. சொன்ன வேலையை முடிச்சுட்டு வந்து, "ஆயித்து ஆன்ட்டி"ம்பா. அலமாரியில ஒரு தட்டை அவளுக்குன்னு ஒழிச்சுக் கொடுத்திருந்தேன். அதுல ஒரு துணி இருக்காது. துவைச்சுக் காய்ஞ்சதை மடிச்சு, திரும்பவும் துணிப்பையில போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சுடுவா. "என்னடி இது, வீடா ரயில்வே ஸ்டேஷனா?"ன்னு ஒருநாள் எரிஞ்சு விழுந்தேன்.

"போறப்ப தேட வேண்டாம்ல ஆன்ட்டி."

தலை ஏன் இப்படிப் பரட்டையா இருக்குன்னு அதுக்குத் திட்டினேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்க முறை வந்துச்சு. ஆண் குழந்தை, பிறந்து சில மாசம்தான். போட்டோவைப் பார்த்தேன். மூக்கு அப்படியே எங்க வீட்டுக்காரர் மூக்கு. பொய் சொல்லல, வயிறு குளிர்ந்துபோச்சு. ரெண்டு நாளைக்குள்ள பதில் சொல்லணும்னாங்க.

"ரெண்டு பேரை நம்மால வளர்க்க முடியாது"ன்னார் அவர். "நீயே சொல்லு."

நான் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்துட்டே இருந்தேன். பின்னாடி சமையக்கட்டுல சத்தம். அவ பித்தளைத் தட்டைத் தேய்ச்சுக் கழுவி எடுத்துட்டு வந்து நின்னா.

"பாப்பாவுக்கு நான் ஆரத்தி கரைச்சுத் தரட்டா ஆன்ட்டி? ஹோம்ல புதுசா யார் வந்தாலும் நான்தான் கரைப்பேன். சுண்ணாம்பு ஜாஸ்தி போட்டா கறுத்துடும்." அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "பாப்பா வந்தப்புறம்தானே நான் போவேன்? முன்னாடியேன்னா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போறேன்."

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கிட்டார். என்னால அந்தத் தட்டைப் பார்க்க முடியல.

"வேண்டாம்னு சொல்லிடுங்க"ன்னேன். "அந்தக் குழந்தைக்கு எத்தனையோ பேர் வரிசையில நிக்கிறாங்க."

தட்டை வாங்கி நானே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சேன். அவளை வெளிய கூட்டிட்டுப் போய், முதல் நாள் நின்ன இடத்துலயே நிக்க வெச்சேன். எதிர்வீட்டு அக்கா ஜன்னல்ல நின்னு பார்த்துட்டு இருந்தாங்க.

"நான் வந்து எவ்ளோ நாளாச்சு, இப்ப எதுக்கு ஆன்ட்டி?"

"அன்னைக்கு மறந்துட்டேன்டி."

"மறக்கல"ன்னா அவ. கோவமே இல்ல அந்தக் குரல்ல. கணக்குல நான் விட்ட தப்பைத் திருத்துற மாதிரிதான் சொன்னா.

தட்டைச் சுத்தி முடிச்சு, நெத்தியில பொட்டு வெச்சு, தண்ணியைத் தெருவுல கொட்டிட்டு வந்தேன். அவ வலது காலை வெச்சு உள்ள போனா.

அந்தச் சில வருஷக் கெடுவும் முடிஞ்சு, இப்ப அவளை எங்க பிள்ளையாவே ஆக்கிக்க விண்ணப்பிச்சிருக்கோம். அவகிட்டயும் சொல்லிட்டோம், சரின்னு தலையாட்டினா. துணிப்பை இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. அதை எடுத்து அடுக்குடின்னு சொல்ல எனக்கு வாய் வரல.