காலியான அச்சு

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தறிக்காரருக்கு எப்படித் தெரிந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலூர் ஆஸ்பத்திரியில் நான் மாத்திரை வாங்க நின்றதை யாரோ பார்த்து வந்து ஓதியிருக்க வேண்டும். அந்த வாய் நாசமாய்ப் போக.

ஆரணிப் பட்டுத் தறிகளில் பாவு, அதாவது நெடுக்காக ஓடும் இழைகளைப் பிணைப்பதுதான் என் பிழைப்பு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், அச்சு என்கிற சீப்புக்குள் மிச்சம் நிற்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையைச் சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. என் விரலில் ஒன்றுகூட வழுக்காது.

அன்று பாதிக்கு மேல் பிணைத்திருந்தேன். தறிக்காரர் வாசலில் நின்றே கத்தினார்.

"கைய எடு நூல் மேலருந்து! எத்தினி நாளா எங்கள ஏமாத்திகினு கீற?"

எதிரில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சட்டென்று எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பத்து வருஷமாக என்னோடு ஒரே டம்ளரில் டீ குடித்தவள். அவளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நூல்ல அது தங்காதுண்ணே. ஒடம்ப விட்டு வெளிய வந்து காஞ்சா சீக்கிரமே வலு போயிடும். ஊசிக்குள்ள நின்ன ரத்தம்னா வேற கதை. தொட்டாலோ எச்சில் பட்டாலோ யாருக்கும் வராது."

ஆஸ்பத்திரியில் சொன்னதைத்தான் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் பிணைத்ததை மட்டும் வெட்டியிருக்கலாம். பழைய இழையிலும் கிருமி ஏறியிருக்கும் என்று அச்சிலிருந்து மொத்தத்தையும் உருவிக் கொல்லையில் கொளுத்தினார். பரம்பரைத் தறிக்காரர்! அச்சு காலியானால் பிணைக்க நுனியே இருக்காது, எல்லா இழையையும் புதிதாகக் கோக்க வேண்டும் என்பதுகூடப் பயத்தில் மறந்துபோயிற்று. நான் தடுக்கவில்லை. நன்றாக வேண்டும் என்றிருந்தது.

ஆனால் சேதி தெருவெல்லாம் பரவியது. ஒரு வீட்டிலும் என்னைக் கூப்பிடவில்லை.

மூன்றாம் வாரம் அவரே என் வீட்டுக்கு வந்தார். கல்யாண முகூர்த்த மாசம், பட்டுச் சேலைக்குக் கிராக்கி; கோக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. கையில் ரப்பர் கையுறை.

"இத போட்டுகினு ஜல்தியா கோத்துக் குடும்மா. பேஜாரா கீது."

"கையுறைல பட்டு நிக்குமா? வெறுங்கையாலதான் கோப்பேன். உங்க சம்சாரம் எதிர்ல உக்காந்து இழை எடுத்துக் குடுக்கணும். தெருக்கதவு தொறந்தே இருக்கணும்."

வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் வீட்டுத் தறியில், அவர் மனைவி முதல் இழையை என் விரலில் படாமல் நீட்டினாள். விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. நான் எடுக்கவில்லை. தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். மூன்றாவதை என் விரலுக்குள் வைத்து அழுத்தினாள்.

டீ வந்தது. அவளுக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குக் காகிதக் கப். நான் அவள் டம்ளரை எடுத்துப் பாதி குடித்துவிட்டு, மீதியை அவளிடம் நீட்டினேன். வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் அதைக் குடித்து முடிக்கும்வரை அடுத்த இழைக்கு நான் கை நீட்டவில்லை.