பூசாரி சொல்லாமல் விட்ட சரக்கு

என் கொழுந்தனார் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்போது சாக்லேட் கொண்டுவருவார், கூடவே அறிவுரையும் கொண்டுவருவார். சாக்லேட் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மற்றது அவர் திரும்ப விமானம் ஏறும்வரை தீராது.

அந்த முறை அவர் கொண்டுவந்தது ஒயின் புராணம். அங்கே அவர் குடியிருப்பது ஒரு சின்ன ஊராம். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். சனிக்கிழமை ஆனால் குடும்பம் குடும்பமாகக் காரை எடுத்துக்கொண்டு ஒயின் செய்கிற இடம், பீர் காய்ச்சுகிற இடம், நடுவில் ஒரு அருவி, ஒரு ஏரி என்று சுற்றிவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவார்களாம். போனில் படம் படமாகக் காட்டினார். மரப் பீப்பாய்கள், பச்சைப் புல்வெளி, அதில் தவழும் குழந்தை, கையில் கண்ணாடிக் கோப்பையோடு சிரிக்கும் கிழவிகள்.

"பாருங்கண்ணி, ஒருத்தராச்சும் ரோட்டுல உழுந்து கெடக்கறாங்களா? நம்மூர்லதான் குடிக்கத் தெரியாமக் குடிச்சுச் சாகறோம்."

இதை அவர் சொன்னபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சளும் சிவப்புமாய் முறுக்கின கயிறு. அந்தக் கயிற்றைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

எங்களுக்கு நாமக்கல்லில் முட்டை வியாபாரம். கடையில் நான் உட்காருவேன். அவர் சொந்த மினி லாரியில் முட்டை ஏற்றிக்கொண்டு ஓமலூர், அம்மாபேட்டை என்று கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். எவ்வளவு குண்டும் குழியுமான ரோடாக இருந்தாலும் அவர் வண்டியில் ஒரு முட்டை விரிசல் விடாது என்று பேர். குடி ஏற ஏற அந்தப் பேர் போனது. அட்டை அட்டையாக நசுங்கி மஞ்சள் ஒழுகிக்கொண்டு வண்டி வரும். கடைசியில் ஓமலூரில் ஒரு கடை வாசலிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தார். சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் எங்கிட்டக் கூட்டிட்டு வராதீங்கம்மா" என்றார்.

அப்புறம்தான் அந்த முனியப்பன் கோயில். குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி சரக்கின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வார். கட்டிக்கொள்கிறவர் கற்பூரத்தின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொல்லி, இதையெல்லாம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். மறுபடி குடித்தே தீர வேண்டும் என்றால் பூசாரியிடம் வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். கயிறு கையில் இருக்கக் குடித்தால் முனியப்பன் சும்மா விடமாட்டார். அந்த முனியப்பனுக்கே சாராயமும் சுருட்டும் வைத்துத்தான் படையல் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம். சாமி தாங்கும், என் வீட்டுக்காரரின் ஈரல் தாங்காது.

"கள்ளு, சாராயம், பீரு, பிராந்தி, விஸ்கி, ரம்மு" என்று அன்றைக்குப் பூசாரி பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்கிற வேகத்தில் சொன்னார். இவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நின்றார். இருமல் மருந்தைக்கூட மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சாயங்காலம் ஆனால் நாக்கு பரபரக்கும்போல, வெல்லக்கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வார். கன்னத்தில் சதை பிடித்தது. வண்டியில் முட்டை மறுபடி முழுசாகப் போய்ச் சேர்ந்தது. ராத்திரிச் சோறு தின்றுகொண்டே கடைக்காரர்கள் பேசுகிற மாதிரி பேசிக்காட்டிச் சிரிக்க வைப்பார். கல்யாணமான புதிதில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை. ஒரு பொங்கலுக்குக் கட்டின கயிறு அடுத்த பொங்கலைப் பார்க்கப்போகிறது என்று நான் மனசுக்குள் பூரித்துக் கிடந்தேன்.

அந்த நேரத்தில்தான் கொழுந்தனார் வந்து இறங்கினார். மனைவியையும் பிள்ளையையும் ஈரோட்டில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், "அங்க போற டூர் மாதிரியே இங்க ஒண்ணு போலாம்ணா" என்றார்.

"இங்க ஏது தம்பி திராட்சைத் தோட்டம்?" என்றேன்.

"கொல்லிமலைல ஒரு எஸ்டேட்டுல அன்னாசிப் பழத்துல ஒயின் போடறாங்களாம் அண்ணி. நெட்டுல பாத்தேன். அடிவாரத்துல கள்ளு. நடுவுல அருவி. இதுக்கு மேல என்ன வேணும்?"

நான் அப்போதே வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் வாய் வரவில்லை. எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த மலை எதிரே தெரியும். இத்தனை வருஷத்தில் ஏறினதில்லை, அருவியைப் பார்த்ததில்லை. இவரோ குடிக்கிற காலத்தில் கூட்டாளிகளோடு மாதம் ஒருமுறை போய்வந்தவர். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் அருவிக்குப் போகிறோம் என்றால் குளிக்கப் போகிறார்கள் என்று எந்தப் பெண்ணும் நம்பமாட்டாள்.

"நாந்தான் கயிறு கட்டியிருக்கறேனே, எனக்கென்ன. அவன் குடிக்கட்டும். நீ அருவியப் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். கிளம்பினோம்.

சேந்தமங்கலம் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் முதலில் வண்டியை நிறுத்தினார்கள். தோப்புக்காரர் இவருக்குப் பழக்கம். கள் இறக்கத் தடை என்பதால் பானையை மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். "நம்மூரு ப்ரூவரியப் பாருங்கண்ணி" என்று கொழுந்தனார் படம் எடுக்கப் போக, தோப்புக்காரர் பயந்துபோய்க் கையால் மறைத்தார். ஈ மொய்க்கிற பானையையும் துருப்பிடித்த மோட்டாரையும் படம் எடுத்து அங்கே யாரிடம் காட்டப்போகிறாரோ.

கொழுந்தனார் ஒரு சொம்பு ஊற்றி அண்ணனிடம் நீட்டினார். இவர் கையை எடுத்துக் கும்பிட்டார்.

"கள்ளு பேருதான் மொதல்லயே வருது தம்பி. நா மாட்டேன்."

தோப்புக்காரர் சிரித்துக்கொண்டே, சுண்ணாம்பு தடவின முட்டிக்கலயத்தில் இறக்கின தெளுவைக் கொடுத்தார். பதநீர்தான், வெறும் இனிப்பு, போதை கிடையாது. அதைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் இவர் குடித்தார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

மேலே ஏறி அருவிக்குப் படி இறங்கினோம். ஆயிரம் படிக்கு மேல் என்கிறார்கள். மரமும் குளிரும் என்று ஆளாளுக்கு வியக்கிறார்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் படிதான். இண்டு இடுக்கெல்லாம் உடைந்த பாட்டில் சில்லு. காலை எங்கே வைப்பது என்று குனிந்தபடியே இறங்கினேன். கடவுள் இவ்வளவு அழகாக ஒரு இடத்தைச் செய்து வைத்தால் அதை உட்கார்ந்து குடிக்கிற இடமாக்கி, குடித்ததை உடைத்தும் போட்டுவிட்டு வருகிறார்களே, இவர்கள் கையில் கட்டை முளைக்க.

ஆனால் அடியில் போய் நிமிர்ந்தபோது மறந்துவிட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர். சாரல் முகத்தில் அடித்தது. இவர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கயிறு கட்டின கை. நனைந்து அதன் சாயம் என் விரலில் ஒட்டியது. "இத்தன நாளு கூட்டிட்டு வராமப் போயிட்டேனே புள்ள" என்றார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது.

அதோடு வீடு திரும்பியிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எஸ்டேட்டில் மதியச் சாப்பாடு. மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எஸ்டேட்காரர் சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஒயின் கொண்டுவந்து வைத்தார். இளமஞ்சளாக, பார்த்தால் சர்க்கரைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. கொழுந்தனார் கோப்பையைச் சுழற்றினார், மூக்கைவிட்டு மோந்தார், ஒரு வாய் வைத்துக் கொப்புளித்துப் பக்கத்துச் செடியில் துப்பினார்.

"இதாண்ணா டேஸ்டிங். குடிக்கறதில்ல, ருசி பாக்கறது. அங்கெல்லாம் பாத்துட்டுத் துப்பிருவாங்க. நீயும் பாரு."

"அவுரு கயிறு கட்டியிருக்கறாருங்க தம்பி" என்றேன்.

"தெரியுமுங்கண்ணி. பூசாரி என்னென்ன சொன்னாருண்ணா?"

இவர் விரல்விட்டுச் சொன்னார். கள்ளு, சாராயம், பீரு, பிராந்தி, விஸ்கி, ரம்மு.

"ஒயின் சொன்னாரா?"

இவர் யோசித்தார். எங்கள் ஊரில் சரக்குக் கடைக்குப் பேரே ஒயின்ஷாப். சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும். ஆனால் அங்கே போய் ஒயின் கொடு என்று கேட்ட ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. பூசாரிக்கு மட்டும் அந்தப் பேர் எப்படி நினைவுக்கு வந்திருக்கும்?

"சொல்லலை" என்றார் இவர்.

"அப்பறமென்ன? இது பழம்ணா."

"கடைக்குப் பேரே ஒயின்ஷாப்தானுங்களே தம்பி" என்றேன்.

"அது கடை பேருங்கண்ணி. சரக்குப் பேரு இல்ல" என்று சிரித்தார். எஸ்டேட்காரரும் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குடிக்கிற காலத்தில் என்னிடம் பொய் சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு அது.

கோப்பையை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு வாய் வைத்தார். துப்பவில்லை.

"தித்திப்பா இருக்குது" என்றார். ருசி சரியாகத் தெரியவில்லை என்று இன்னொன்று கேட்டார். கொழுந்தனார் அதையும் படம் எடுத்தார். கிளம்பும்போது அண்ணனுக்கென்று இரண்டு பாட்டில் வாங்கி வண்டியில் வைத்தார். கோபம் வந்தால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும், அன்றைக்கும் அடைத்துத் தொலைத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் சாமியும் கொடுத்தார், பூசாரியும் கொடுத்தார். அவர் கூடப் பிறந்தவர்தான் நிலைக்கவிடவில்லை.

அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். இங்கே பாட்டில் இரண்டும் காலி. அதற்கப்புறம் மலைக்கு முட்டை லோடு இருக்கிறது என்றார் இவர். மலையில் எத்தனை கடை இருக்கிறது, எத்தனை முட்டை விற்கும் என்று கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாதா? கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். "கயிறு இருக்குது பாரு. சத்தியம் மீறுல."

ஒரு நாள் அந்தக் கயிறும் இல்லை. மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

"எங்கங்க கயிறு?"

"அவுத்துட்டு வந்துட்டேன். முனியப்பனுக்குத் துரோகம் பண்ணக்கூடாதில்ல."

கட்டும்போது கூட வந்தவள் நான். அவிழ்ப்பதற்குத் தனியாகப் போய்வந்திருக்கிறார். சாமிக்குத் துரோகம் செய்யவில்லையாம். எனக்குச் செய்ததற்குப் பேர் என்ன என்று கேட்டேன். முட்டை ஏற்ற நேரமாயிற்று என்று லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பழைய குருடி கதவைத் திறடி என்று எல்லாம் திரும்ப வந்தது, நசுங்கின முட்டை உட்பட. ஆடி பிறக்கும்போது மறுபடி ரத்தம் வந்தது. அந்த டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனேன். அவர் திட்டவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது, புரிந்துகொள்ள.

சாவுக்குக் கொழுந்தனார் வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். போனில் அழுதார். அழுதுவிட்டு, "அண்ணனுக்குக் கண்ட்ரோல் பத்தலீங்கண்ணி. நாங்கெல்லாம் அளவாத்தானே குடிக்கறோம்" என்றார். போனைத் தூக்கி அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் முனியப்பன் கோயிலுக்குப் போனேன். பூசாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆமாஞ் சாமி, அது உட்டுப்போச்சு. அதையெல்லாம் இங்க யாரு குடிக்கறா?" என்றார். இப்போது அதையும் சேர்த்துத்தான் சொல்கிறாராம். ரம்முக்கு அப்புறம் ஒயினு. யாருக்கோ பிரயோஜனப்படட்டும்.

வருஷத் திதிக்குக் கொழுந்தனார் வந்தார். அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். சோறு, கறிக்குழம்பு, அவித்த முட்டை, வெல்லக்கட்டி. செத்தவர்களுக்குப் பிடித்த சரக்கையும் வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். நான் வைக்கவில்லை. கொழுந்தனார் பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றி அத்தனை தூரம் பத்திரமாகக் கொண்டுவந்த பாட்டிலை எடுத்தார். அவர் ஊர்த் திராட்சை ஒயின். கண்ணெல்லாம் சிவந்து, உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். கோப்பையில் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வெக்கட்டுங்களா அண்ணி? அண்ணனுக்குப் புடிக்கும்."

"வெய்யுங்க தம்பி" என்றேன். "ருசி பாத்துட்டுத் துப்பிரச் சொல்லுங்க."